பெயின்ற் ஒன்றுதான், கை வேறை: ஓட்டம் நிறத்தை மாற்றும் கதை

இரவில் ஏ9 வீதியில் படுத்திருக்கிற மாடுகளைப் பற்றி வன்னிக்காரருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒரு மாட்டுக்கு விலத்தப் போய் விழுந்ததில் என் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் ராங்கி ஒரு பக்கம் நெளிந்தது. கிளிநொச்சியில் ஒரு கராஜில் நெளிவெடுத்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் வெள்ளி நிறப் பெயின்ற் அடித்துத் தந்தார்கள். கராஜுக்குள் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பின்னேர வெயிலில் வெளியே கொண்டுவந்து நிறுத்தினால், அடித்த இடம் மட்டும் ஒரு பிடி கறுத்துத் தெரிகிறது. திரும்பிப் போய்க் கேட்டேன். பெயின்ற் அடித்த அண்ணை ராங்கியை இரண்டு பக்கமும் சரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பெயின்ற் ஒண்டுதான். அண்டைக்கு மழைக்குணம், காயச் சுணங்கிப்போச்சு. கையும் கொஞ்சம் மெதுவாப் போட்டுது" என்றார். அன்றைக்கு அது தப்பிக்கிற கதையாகத்தான் எனக்குப் பட்டது.

ஆனால் அவர் சொன்னது அச்சொட்டான உண்மை. வெள்ளிப் பெயின்றுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அலுமினியத் தகடுகள். அவை உலோகத்தின் மேல் மட்டமாகப் படுத்தால் கண்ணாடி போல ஒளியைத் தெறிக்கும், கன்னாபின்னாவென்று சரிந்து நின்றால் மங்கிக் கறுக்கும். மெல்லிய புகார் போல அடித்து உடனே காய்ந்தால் தகடுகள் படுத்தபடி இறுகிவிடும். ஈரமாகத் தடித்து விழுந்து காயச் சுணங்கினால், அந்த ஈரத்துக்குள் அவை புரள நேரம் கிடைக்கும். அதாவது ரின்னில் இருக்கிற சரக்கு மட்டும் நிறத்தைத் தீர்மானிப்பதில்லை. அது எப்படி ஓடியது, எவ்வளவு நேரத்தில் உறைந்தது என்பதும் நிறத்தின் பங்காளிகள்.

அலுமினியத் தகடு பெரிய சாமான், மைக்கிரோமீற்றர் கணக்கு. இதே விளையாட்டு மூலக்கூறு அளவிலும் நடக்கிறது, அங்கேதான் சுவாரசியம் கூட. உயர்தர இரசாயனவியலில் பல்பகுதியம் என்று எழுதி எழுதிப் படித்தோமே, அந்தப் பொலிமர்தான் அங்கே தகட்டின் வேலையைப் பார்க்கிறது.

பொலிமர் என்றால் ஆயிரக்கணக்கான சின்ன அலகுகள் கோர்த்த நீண்ட நூல் என்று புத்தகம் சொல்லும். புத்தகத்தில் படம் போடும்போது நேர்கோடாகப் போட்டுவிடுகிறார்கள், அதுதான் பிழை. கரைசலுக்குள் அந்த நூல் நேராக நிற்பதே இல்லை. சுற்றியிருக்கிற நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இருந்து இடித்துக்கொண்டே இருப்பதால் அது பூனை விளையாடிய நூல்பந்து மாதிரிச் சுருண்டு, நெளிந்து, ஒவ்வொரு கணமும் உரு மாறிக்கொண்டு கிடக்கும். நேராக நிற்பதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு, சுருண்டு கிடப்பதற்குக் கோடிக்கணக்கான வழிகள். யாரும் அதைப் பிடித்துச் சுருட்டவில்லை, வழிகளின் எண்ணிக்கைதான் சுருட்டுகிறது. இழுத்து நீட்டிவிட்டாலும் விட்ட கையோடு பழையபடி சுருளப் பார்க்கும்.

இப்போது கரைசலை ஓடவிடுவோம். சிறுபோகத்துக்கு இரணைமடுவில் துருசு திறந்து தண்ணீர் வருகிற நேரம் வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கரையோரம் தண்ணீர் மெதுவாக நகரும், நடுவில் வேகமாக ஓடும். கரைக்குக் கிட்ட ஒரு வைக்கோல் துண்டு விழுந்தால், அதன் ஒரு நுனி வேகமான தண்ணீரிலும் மறு நுனி மெதுவான தண்ணீரிலும் அகப்பட்டு, ஓட்டத்தோடு நீட்டுக்குத் திரும்பும், கொஞ்ச நேரம் அப்படியே போகும், பிறகு ஒரு குத்துக்கரணம் அடித்து மறுபடி நேராகும். பக்கத்துப் பக்கத்துப் படைகள் வெவ்வேறு வேகத்தில் உராய்ந்து ஓடுகிற ஓட்டம் இது. வாய்க்கால் ஒடுங்கிக் குழாய்க்குள் புகுகிற இடத்தில் நடப்பது வேறு. அங்கே தண்ணீர் போகப் போக வேகமெடுக்கும், முன்னால் போகிறது பின்னால் வருவதை விட வேகமாகப் போவதால் இடையில் அகப்பட்டதெல்லாம் இழுபடும். குத்துக்கரணத்துக்கே இடமில்லை. பொலிமர் நூலைப் பொறுத்தவரை முதலாவது ஓட்டம் தள்ளிவிட்டுப் போகிற சனக்கூட்டம், இரண்டாவது வடம் இழுக்கிற கூட்டம்.

இழுப்பதால் மட்டும் நூல் நீண்டுவிடாது. ஓட்டம் இழுக்க இழுக்க நூல் மறுபக்கம் சுருண்டுகொண்டே இருக்கும், யார் வேகம் கூட என்பதுதான் கேள்வி. நூல் பழையபடி சுருண்டு அமர ஒரு வினாடி எடுக்கும் என்று வையுங்கள். அந்த ஒரு வினாடிக்குள் ஓட்டம் அதைக் குறிப்பிடத்தக்க அளவு இழுத்துவிட்டால் ஓட்டம் வென்றது, இல்லாவிட்டால் நூலுக்கு ஓட்டம் நடந்ததே தெரியாது. ஓட்டத்தின் வேக வேறுபாட்டையும் நூல் சுருள எடுக்கிற நேரத்தையும் பெருக்கி வருகிற எண்ணுக்கு வைசன்பேர்க் எண் என்று பெயர். ஒன்றை விட நன்றாகக் குறைந்தால் கரைசல் சாதாரணத் திரவம் போல நடந்துகொள்ளும், ஒன்றைத் தாண்டினால் சேட்டை தொடங்கும். இனி வரப்போகிற நிறங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் போட்டிதான் அடி.

சேட்டையைப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம், ஒரு நறுவிலிப் பழம் போதும். பட்டம் கட்டும்போது பசை இல்லாவிட்டால் நறுவிலியைத்தான் தேடிப் போவோம். பழுத்த பழத்தைப் பிதுக்கிப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெல்ல விரித்துப் பாருங்கள். ஒரு நூல் எழும், சிலந்தி நூல் போல மெலிந்துகொண்டே போகும், ஆனால் சட்டென்று அறாது. அடுத்து அதே விரலில் நல்ல தேனைத் தொட்டு விரியுங்கள். தேனும் தடிப்பானதுதான், என்றாலும் விரலை விரிக்கிற வேகத்துக்கு அதன் நூல் மெலிந்து அறுந்து இரண்டு பக்கமும் துளியாகப் பின்வாங்கிவிடும். தேனில் இருப்பது சின்னச் சின்னச் சர்க்கரை மூலக்கூறுகள், அவற்றை இழுத்து நீட்ட ஒன்றுமில்லை. நறுவிலிப் பசையில் இருப்பது சர்க்கரை அலகுகள் நீளமாகக் கோர்த்த பொலிமர். நூல் மெலிகிற இடத்தில் ஓட்டம் இழுக்கிற வகை, மெலிய மெலிய மூலக்கூறுகள் நீளும், நீள நீள எதிர்த்து இழுக்கும், அதனால் அந்த மெல்லிய இடமே மற்ற இடத்தை விட உறுதியாகிவிடும். வெண்டிக்காய் நறுக்கும்போது கத்தியோடு கூடவே வருகிற வழுவழுப்பும் இதே இனம்.

நூல் உண்மையிலேயே நீளுகிறதா, யாராவது கண்ணால் கண்டார்களா என்று கேட்டால், கண்டிருக்கிறார்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர்-ஜில் டி ஜென் 1974ஆம் ஆண்டே, இழுக்கிற ஓட்டத்தில் ஒரு குறிப்பிட்ட வேகம் தாண்டியதும் சுருள் திடீரென்று விரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். 1997இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் சூவின் குழு, ஒளிரும் சாயம் ஏற்றிய டிஎன்ஏ மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டிக்குக் கீழே அப்படிப்பட்ட ஓட்டத்தில் விட்டுப் பார்த்தது. டிஎன்ஏயும் பொலிமர்தான், அவர்கள் எடுத்தது சாயத்தோடு முழுதாக நீட்டினால் சுமார் 22 மைக்கிரோமீற்றர். விரிந்தன. ஆனால் ஒரே மாதிரி விரியவில்லை. ஒன்று நடுவில் மெலிந்து இரண்டு பக்கமும் உருண்டையாக நின்றது, ஒன்று மடிந்துபோய்ச் சிக்கியது, இன்னொன்று ஒரு நுனியால் மட்டும் அவிழ்ந்தது. ஒரே மூலக்கூறு, ஒரே ஓட்டம், ஆனால் ஓட்டத்துக்குள் புகுந்த கணத்தில் எப்படிச் சுருண்டு கிடந்ததோ அதற்கேற்ற விதி. டி ஜென் இதற்கு 'மூலக்கூறுகளின் தனித்தன்மை' என்று பெயர் வைத்தார். ஒரே வீட்டில் பிறந்து ஒரே சோறு தின்ற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் குறைவு.

சரி, நூல்கள் நீண்டு ஓட்டத்தோடு வரிசையாகிவிட்டன. இதற்கும் நிறத்துக்கும் என்ன?

சுருண்ட பந்துக்குத் திசை கிடையாது, எந்தப் பக்கத்தால் ஒளி வந்தாலும் ஒரே மாதிரித்தான். வரிசையான நூல்களுக்குத் திசை உண்டு. நூலின் நீட்டுக்கு அதிரும் ஒளி ஒரு வேகத்திலும், குறுக்கே அதிரும் ஒளி வேறொரு வேகத்திலும் போகும். இரட்டை முறிவு என்று இதைச் சொல்வார்கள். ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல், மின்காந்தச் சமன்பாடுகளின் அதே மக்ஸ்வெல், கனடா பால்சம் என்ற மரப்பிசினை அசைத்துப் பார்த்து, ஓடும் திரவத்தில் இந்த இரட்டை முறிவு உண்டு என்று 1873இல் எழுதினார். வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற முனைவாக்கி இரண்டுக்கு நடுவில் வைத்தால்தான் நிறமாகும்.

அந்த இரண்டு முனைவாக்கிகளும் உங்கள் வீட்டில் இருக்க வாய்ப்புண்டு. எல்சிடி திரையுள்ள மடிக்கணினியில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறவுங்கள், அந்தத் திரையில் இருந்து வருகிற ஒளி ஏற்கெனவே முனைவாக்கியது. போலரைஸ்ட் என்று விற்கிற கறுப்புக் கண்ணாடி ஒன்றை முன்னால் பிடித்துத் திரை கறுக்கும் வரைக்கும் திருப்புங்கள். பிறகு திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பள்ளிக்கூடத்து நிறமற்ற பிளாஸ்ரிக் அடிமட்டம் ஒன்றைப் பிடியுங்கள். வானவில் வரி வரியாக வரும். ஒரு நுனிக்குக் கிட்டவோ பக்கவாட்டிலோ ஓரிடத்தில் வரிகள் நெருங்கி, அங்கிருந்து விசிறி போல விரிவதைத் தேடிப் பாருங்கள். உருகிய பிளாஸ்ரிக் அச்சுக்குள் புகுந்த வாசல் அது. அந்த வாசலால் நெருக்கியடித்து ஓடியபோது நீண்ட நூல்கள், குளிர்ந்த அச்சுச் சுவரில் பட்டுச் சுருள நேரம் கிடைக்காமல் அப்படியே உறைந்துவிட்டன. குளிரும்போது ஏற்பட்ட இறுக்கமும் அதில் சேர்ந்திருக்கும். எங்கள் பிள்ளைகள் கோடு கீறுகிற அடிமட்டத்துக்குள் பல வருடத்துக்கு முன் யாரோ ஒரு தொழிற்சாலையில் சில வினாடி ஓடிய ஓட்டம் முழுதாகப் படுத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

சீனியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் கரைந்து தெளியும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய அனுபவமும். பொலிமரில் தலைகீழாகவும் நடக்கும். பொலிஸ்ரைரீனை டையொக்ரைல் தலேற் என்ற எண்ணெயில் கரைத்த கரைசல், சும்மா வைத்தால் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், வேகமாகக் கலக்கினால் பால் போல வெளுக்கும், கலக்குவதை விட்டால் மறுபடி தெளியும். 1970களில் இருந்தே இது ஆய்வுகளில் பதிவானது. காரணம் நறுவிலி நூலில் பார்த்ததுதான். கரைசலில் தற்செயலாக நூல்கள் கொஞ்சம் கூடிய இடமும் குறைந்த இடமும் எப்போதும் இருக்கும், ஓட்டத்தில் அந்தக் கூடிய இடத்தில்தான் இழுவிசை அதிகம், அந்த விசை கரைப்பானைப் பிழிந்து வெளியேற்றும், கூடிய இடம் மேலும் கூடும். ஒளியைச் சிதறடிக்கிற அளவுக்குத் திட்டுத் திட்டாக வளர்ந்ததும் வெள்ளையாகத் தெரியும். முகில் வெள்ளையாக இருப்பதும் சிதறலால்தான்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. வயலில் நெல்லைத் தின்று நாசமாக்குகிற மயிலைத் திட்டாத கமக்காரர் இந்தப் பக்கம் கிடையாது, ஆனாலும் அது தோகையை விரித்தால் மண்வெட்டியை ஊன்றிவிட்டு ஒரு நிமிடம் பார்க்காதவரும் கிடையாது. அந்தப் பச்சைக்கும் நீலத்துக்கும் அங்கே சாயமே இல்லை. தோகையின் மெல்லிய இழைக்குள் மெலனின் கோல்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன, மெலனின் என்பது எங்கள் தோலிலும் தலைமயிரிலும் இருக்கிற அதே கறுப்புப் பொருள். அடுக்குக்கு அடுக்கு உள்ள இடைவெளிக்குப் பொருந்துகிற அலைநீளம் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து பலமாகத் தெறிக்கும். இடைவெளி மாறினால் நிறம் மாறும், சரக்கு மாறத் தேவையில்லை.

பொலிமர் கரைசலிலும் இப்படி அடுக்கு உண்டாக்கலாம். மிகச் சுலபமானது ஐதரொக்சிபுரொப்பைல் செலுலோசு. பெயர்தான் நீளம், குளிசைகளுக்குப் பூச்சாகவும் உணவில் தடிப்பாக்கியாகவும் பயன்படுகிற சாதுவான வெள்ளைத் தூள், மரத்தின் செலுலோசில் இருந்து செய்வது. தண்ணீரில் எடைப்படி 60 முதல் 70 சதவீதம் வரை கரைத்து ஆறவிட்டால் அந்தக் களி தானாகவே நீலமோ பச்சையோ சிவப்போ காட்டும், ஒரு துளி சாயம் போடாமல். அதன் நூல்கள் விறைப்பானவை, படை படையாக அடுக்கும்போது ஒவ்வொரு படையும் கீழ்ப்படையை விடச் சற்றுத் திரும்பிச் சுழல்படி போல நிற்கும். அந்தச் சுழற்சியின் ஒரு சுற்று நீளம்தான் நிறம். தண்ணீர் கூடினால் சுற்று நீண்டு சிவப்புப் பக்கம் போகும், விரலால் அழுத்தினால் ஒடுங்கி நீலப் பக்கம் போகும். வேகமாகத் தேய்த்து ஓடவிட்டால் சுழல்படியே குலைந்து நூல்கள் எல்லாம் ஓட்டத்தோடு நேராகி நிறம் போய்விடும். விட்டுவிட்டால் சுழல் மெல்லத் திரும்பக் கட்டும், நிறமும் திரும்பும். மயில் தோகையைக் குலைத்துவிட்டு மறுபடி அடுக்க முடியாது, இந்தக் களியை எத்தனை தரமும் குலைக்கலாம்.

இன்னொரு வகை, பிள்ளைகளின் பால் போத்தல் கழுவுகிற பிரஷ் போன்ற மூலக்கூறு. நடுவில் ஒரு முதுகெலும்பு, அதில் இருந்து நெருக்கமாகப் பக்கச் சங்கிலிகள். நெருக்கம் காரணமாக முதுகெலும்பு வளைய இடமின்றி விறைத்து நிற்கும், சாதாரண நூல்கள் போல ஒன்றோடொன்று சிக்கவும் மாட்டாது. பிரஷ்ஷின் ஒரு பாதி ஒரு குணம், மறு பாதி வேறு குணம் என்று செய்துவிட்டால், எண்ணெயும் தண்ணீரும் போல ஒத்துப்போகாத அந்த இரண்டு பாதிகளும் தங்கள் தங்கள் இனத்தோடு சேர்ந்து படைகளாக அடுக்கும். சாதாரண நூலில் இப்படிச் செய்தால் அடுக்கு பெரும்பாலும் சில பத்து நானோமீற்றர்தான், கண்ணுக்கு நிறம் தெரிய அது போதாது. பிரஷ் பெரிய ஆள். கணக்கு எளிது: தெறிக்கும் அலைநீளம் ஏறக்குறைய அடுக்கு இடைவெளியின் இரு மடங்கை முறிவுச் சுட்டியால், அதாவது அந்தப் பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்கிற எண்ணால், பெருக்கியது. சுட்டி 1.45 என்று வைத்தால் 150 நானோமீற்றர் அடுக்குக்கு 435 நானோமீற்றர், அதாவது நீலம். 220 ஆக்கினால் 638, சிவப்பு. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையில் இருப்பது வெறும் 70 நானோமீற்றர்.

அந்த 70 நானோமீற்றரைத்தான் ஓட்டத்தால் பிடிக்கப் பார்க்கிறார்கள். 2020இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகக் குழு ஒன்று இப்படிப்பட்ட பிரஷ் பொலிமரின் கரைசலை முப்பரிமாண அச்சுப்பொறியின் ஊசியால் ஓடவிட்டு, அச்சிடும் வேகத்தையும் கீழே உள்ள தட்டின் வெப்பநிலையையும் மட்டும் மாற்றி, ஒரே மையில் இருந்து நீலம் முதல் செம்மஞ்சள் வரை எடுத்துக் காட்டியது. வேகம் மாறினால் படிகிற படலத்தின் தடிப்பும் காயும் நேரமும் மாறும். கரைப்பான் ஆவியாகப் போகப் போக அடுக்குகள் கட்டத் தொடங்கும், தமக்குப் பொருத்தமான இடைவெளிக்கு நகரப் பார்க்கும், அதற்குள் காய்ந்துவிட்டால் பாதி வழியிலேயே உறைந்துவிடும். எந்த இடத்தில் உறைந்ததோ அந்த நிறம். அந்த ஆய்வை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, காயச் சுணங்கிப்போச்சு என்று பெயின்ற் அடித்த அண்ணை சொன்ன வசனம் எனக்குக் காதில் கேட்டது.

சாயம் இல்லாத நிறம் என்பதால் வெயிலில் வெளுத்துப்போகச் சாயம் அங்கே இல்லை, நிறத்துக்கு நிறம் வேறு வேறு இரசாயனமும் தேவையில்லை. அதற்காக நாளைக்கே கடையில் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அந்தப் பிரஷ் மூலக்கூறை அளவு பிசகாமல் செய்வது சின்ன வேலை இல்லை, பொருள் பழுதாகாமல் கிடக்கிறதா என்பதும் வேறு கேள்வி. என்னைக் கேட்டால் செலுலோசுக் களிதான் எங்களைப் போன்ற இடங்களுக்குக் கிட்டின வழி. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, இந்தக் களியைக் கரைக்க ஒரு முகவையும் பொறுமையும் போதும்.

மின்சாரம் கடத்துகிற பொலிமர்களில் கதை இன்னொரு மாதிரி, சுருக்கமாகச் சொல்கிறேன். அவற்றின் நிறம் அடுக்கில் இல்லை, நூலின் முதுகெலும்பிலேயே ஓடித் திரிகிற இலத்திரன்களில். நூல் முறுகிக் கிடந்தால் இலத்திரனுக்கு ஓட இடம் குறைவு, நேராகித் தட்டையானால் கூட. பொலிதயோபீன் வகை ஒன்று நல்ல கரைப்பானில் செம்மஞ்சளாகவும் காய்ந்த படலத்தில் ஊதாவாகவும் தெரிவது அதனால்தான். இழுத்து ஓடவிட்டால் நூல்கள் நேராகி ஒன்றோடொன்று ஒட்டத் தூண்டப்படும், நிறத்தோடு மின் கடத்தும் திறனும் மாறும். பிளாஸ்ரிக் சூரியக் கலங்களை அச்சடிக்கிறவர்கள் ஓட்டத்தைப் பற்றி இவ்வளவு தலையை உடைப்பதற்கு நிறம் காரணமில்லை, இந்தக் கடத்துதிறன்தான்.

இதை எழுதுவதற்காக வீட்டில் கிடந்த அடிமட்டங்களை எல்லாம் திரைக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். ஒன்றை முந்தி மகள் அடுப்பங்கரைத் திண்ணையில் வைத்து மறந்திருந்தாள், சூட்டில் ஒரு நுனி இளகி, ஓடிய திசையில் சுருங்கி, நாய்வால் போல வளைந்துபோய்க் கிடந்தது. நேராக இருக்கிற பக்கத்தில் வரிகள் அப்படியே பளபளவென்று இருந்தன. வளைந்த நுனியை நெருங்க நெருங்க அவை அகன்று, வெளுத்து, கடைசி இரண்டு சென்ரிமீற்றரில் திரை வெறும் கறுப்பாகத் தெரிந்தது. சூடு கிடைத்ததும் அந்த இரண்டு சென்ரிமீற்றரில் இருந்த நூல்கள் எல்லாம் பழையபடி சுருண்டுவிட்டன.

ராங்கியின் கறுத்த பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. திரும்ப அடித்துத் தருவதாகத்தான் அண்ணை சொன்னார். மழைக்குணம் விடட்டும் என்று இருக்கிறேன்.